கூப்பிட்டீங்களாமே!

அன்றைக்கும் அவன் கண்ணாடிக்கடையின் ஜன்னல் வழியாகத்தான் வந்து விழுந்தான். ஜன்னல் மூடியிருந்தது.

கண்ணாடிக்காரி தன் தலைமுடியில் சிக்கிய சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். கத்துவதற்கு முன்னால் கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துப் பார்ப்பது அவள் வழக்கம். பதினோராவது சில்லோடு பொறுமை தீர்ந்துபோனது.

“வாசல்னு ஒண்ணு இருக்கே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

வந்தவன் எழுந்து, சாம்பல் நிற உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றான். ஊரே அவனைப் பருந்து என்று கொண்டாடியது. எரிகிற கட்டடத்திலிருந்து ஒரே நடையில் ஒன்பது பேரைச் சுமந்துகொண்டு பறந்தவன். பாலத்தில் பாதி தொங்கிய பேருந்தை ஒற்றைத் தோளில் தாங்கியவன். அவனுக்கு வராத வித்தை ஒன்றே ஒன்றுதான். ஒழுங்காகத் தரையிறங்கத் தெரியாது.

“கூப்பிட்டீங்களாமே,” என்றான்.

“யாரு, நானா? உங்களையா? எனக்கென்ன வேற வேலை இல்லையா? கடையைப் பாருங்க! ஏதாவது ஒண்ணு உருப்படியா இருக்கா?”

“நன்றியெல்லாம் எதுக்குங்க,” என்று அவன் வெட்கத்தோடு தலையைக் குனிந்தான். “என் கடமை.”

அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. திட்டுக்குப் பதில் திட்டு வந்தால் தாங்கலாம். மன்னிப்புக் கேட்டாலும் தாங்கலாம். நன்றி வேண்டாம் என்பவனை என்ன செய்வது? அவள் வாய் திறப்பதற்குள் அவன் துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டி ஓரமாகக் குவித்தான். பிறகு, உடைந்த ஜன்னல் வழியாகவே பறந்துபோனான். இதுவரை வந்த ஐந்து தடவையும் இதே கதைதான்.

அவன் போன பிறகுதான் சுவரோரம் சாய்த்திருந்த பெரிய கண்ணாடியைப் பார்த்தாள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. எட்டடி உயரம், பன்னிரண்டடி நீளம், ஒரே பலகை. புதிதாகத் திறக்கப்போகும் நடனப் பள்ளியின் சுவருக்கு அவள் அறுத்து, விளிம்பு தேய்த்து வைத்திருந்தது. போன வாரம் ஒன்று போனது. இது இரண்டாவது. இதே அளவில் கிடங்கில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால், அடுத்தது வர மூன்று மாதம் ஆகும். பள்ளி திறப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான்கு மணிக்குள் மாட்டித் தருகிறேன் என்று நடன டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பா காலத்திலிருந்து அந்தக் கடை சொன்ன நாள் தவறியதில்லை.

உள்ளே சாமான் அறையிலிருந்து மக்கு அண்ணன் மெதுவாக எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பூசுகிற மக்கை அவரைப்போல் வழவழவென்று பூச ஆள் கிடையாது என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. கண்ணாடிக்காரி அந்தப் பெயரை வேறு அர்த்தத்தில்தான் சொல்வாள். முப்பது வருடமாகக் கடையில் இருக்கிறார். “சரி பாப்பா”, “மக்கு தீந்துபோச்சு, எடுத்துட்டு வரேன்” இந்த இரண்டைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

“எங்கண்ணே போனீங்க? அவன் வர்றப்பல்லாம் நீங்க உள்ள போயிடறீங்க!”

அவர் மக்கு டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

“என்னமோ போங்க.” அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பருந்து வந்துபோனால் மக்கு அண்ணனைத் திட்ட அவளுக்குத் தெம்பிருக்காது.

சத்தம் கேட்டு அடுத்த கடைத் தையல்காரி செய்தித்தாளோடு வந்தாள். முதல் பக்கத்தில் கண்ணாடிக்காரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற படம். போன தடவை அவனைத் திட்டும்போது எடுத்தது. ‘பயத்தில் அலறும் அபலைப் பெண். நான்காவது முறையாகக் காப்பாற்றினார் பருந்து’ என்று கீழே போட்டிருந்தார்கள்.

“அபலையாம் அபலை! இவனுங்க வாயில மண்ணைப் போட! ஆறு எம்எம் கண்ணாடியை ஒரே இழுப்புல அறுக்கறவ நான்!”

“கொடுத்து வச்சவடி நீ,” என்று தையல்காரி பெருமூச்சு விட்டாள். “பருந்தோட காதலின்னு உள்பக்கத்துல வேற போட்டிருக்கான். எனக்கெல்லாம் ஒரு காக்கா கூட வர மாட்டேங்குது.”

“காதலியா? எடு அந்தக் கத்தரியை!”

“கோவப்படாம யோசி. ஊர்ல எந்த மூலையில யார் அலறினாலும் அவர் காதுல விழுமாம், இதுலயே எழுதியிருக்கு. அவர் வர்றதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே?”

அவள் யோசித்தாள். மக்கு அண்ணன் ஒரு பலகையை அரை அங்குலம் கோணலாக அறுத்திருந்தார். ‘ஐயோ! அளவுகோலுக்குக் கண்ணு தெரியலையா, உங்களுக்கா?’ என்று ஆரம்பித்தாள். அதற்கு முந்தின தடவை ஆணியைச் சட்டத்தில் தலைகீழாக அடித்திருந்தார். ‘ஐயோ! தலையும் வாலும் தெரியாதா?’ என்று ஆரம்பித்தாள்.

பால் பொங்கினாலும் பேருந்து போனாலும் மூக்குக்கண்ணாடி தொலைந்தாலும் ‘ஐயோ’ சொல்லாத வாய் உண்டா? கண்ணாடிக்காரி சொல்கிற ஐயோ மட்டும் கொஞ்சம் வேறு. அது ஒரு முன்னுரை. அதைத் தொடர்ந்து குறைந்தது கால் மணி நேரம் சொற்பொழிவு இருக்கும்.

“ஐயோ!” என்றாள் அதிர்ச்சியில். உடனே வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

நல்லவேளையாக யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு தீர்மானத்தோடு கடையைத் திறந்தாள். இனி ஐயோ கிடையாது. அதற்குப் பதில் ‘அடடா’. காலை பத்து மணிக்கு மக்கு அண்ணன் புது ஜன்னல் கண்ணாடிமேலேயே சுத்தியலை வைத்தார்.

“அடடா!” என்றாள் கண்ணாடிக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அடடா. “அடடாடா, என்னண்ணே இது? சுத்தியலுக்குப் படுக்கக் கட்டில் வேணும்னு கேட்டுச்சா? இல்ல தெரியாமத்தான் கேக்கறேன்…”

“மக்கு தீந்துபோச்சு, எடுத்துட்டு வரேன்,” என்று அவர் உள்ளே போனார்.

மூன்றாவது நிமிடம், கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி நொறுங்கியது. அதன் வழியாகப் பருந்து இறங்கினான். ஜன்னலை உடைக்கக் கூடாது என்று அவனும் தீர்மானித்திருந்தான் போலிருக்கிறது.

“கூப்பிட்டீங்களாமே.”

“அடடாவுக்குமா வருவீங்க? அகராதியில ஒரு வார்த்தை கூட எனக்குன்னு விட்டு வைக்க மாட்டீங்களா? வெளியே போங்க! எனக்கு எந்த ஆபத்தும் இல்ல, என் ஒரே ஆபத்து நீங்கதான்!”

அவன் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். கண்ணில் அப்படி ஒரு கனிவு. “நீங்க நல்லா இருந்தா அதுவே போதும்ங்க,” என்றான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு சிரிக்கிறவனுக்குத் தோல் எதனால் செய்திருக்கிறது?

புதன்கிழமை வாசலில் ஒரு பலகையை மாட்டினாள். ‘பறந்து வருகிறவர்கள் தயவுசெய்து கதவு வழியாக வரவும்.’ அன்றைக்குத் திட்டு, மக்கு அண்ணன் கண்ணாடியில் ஒட்டுகிற தாளைத் தவறாகக் கிழித்ததற்காக. அடடா கூட இல்லாமல் நேராக “ஏண்ணே!” என்று ஆரம்பித்தாள். அவர் மக்கு எடுக்க உள்ளே போனார். பலகையை மதித்துப் பருந்து கதவு வழியாகவே வந்தான். ஆனால் கதவைத் திறக்கவேண்டும் என்று பலகையில் எழுதவில்லை. கதவு, கீல், நிலைச்சட்டத்தில் பாதி எல்லாம் அவனோடு உள்ளே வந்து சேர்ந்தன.

வியாழக்கிழமை மூன்றாவது கண்ணாடி வந்து இறங்கியது. துளிக் கீறல் இல்லாத பலகை. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் பகல் முழுக்க விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குப் பருந்தும் வரவில்லை.

“பாத்தீங்களாண்ணே,” என்றாள் கடையைப் பூட்டும்போது. “வாயை மூடிக்கிட்டு இருந்தா வர மாட்டான். நாளைக்கு நாலு மணி வரைக்கும் நான் பேசவே போறதில்ல.”

“சரி பாப்பா,” என்றார் அவர். அந்த இரண்டு சொல்லில் இவ்வளவு நிம்மதியை அவள் கேட்டதே இல்லை. எதற்கு இவருக்கு நிம்மதி என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை, தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல், பெட்டி ஒட்டுகிற நாடாவைக் கிழித்து வாயில் ஒட்டிக்கொண்டாள். கையில் சிலேட்டு, சாக்பீஸ். மதியம் இரண்டு மணிக்குக் கண்ணாடியைச் சக்கரவண்டியில் நிமிர்த்தி, வாசலைப் பார்த்து நிறுத்தினார்கள். கம்பளியைச் சுற்றிவிட்டுக் கயிறு கட்டவேண்டும். மக்கு அண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்துவிட்டு, கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

கண்ணாடிக்காரியின் நாடா இரண்டு பக்கமும் உப்பியது. சாக்பீஸ் பறந்தது. ‘கம்பளி எதுக்கு? போர்த்திக்கிட்டுத் தூங்கவா?’ அழித்தாள். ‘முப்பது வருஷமா என்ன கத்துக்கிட்டீங்க?’ எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் சிலேட்டில் மூன்று ஆச்சரியக்குறிக்குத்தான் இடம் இருந்தது.

“மக்கு தீந்துபோச்சு,” என்று அவர் உள்ளே நழுவினார்.

தெருக்கோடியில் காற்று கிழிகிற சத்தம் கேட்டது.

பேசவே இல்லையே! எழுதினால்கூட வருவானா? அவள் வாசலைப் பார்த்தாள். கதவு இல்லாத வாசல் வழியாகப் பருந்து தரைக்கு இணையாகப் பறந்து வந்துகொண்டிருந்தான். எதிரே, கண்ணாடிக்குள்ளிருந்து, அதே சாம்பல் உடுப்பில் இன்னொருவன் அவனை நோக்கிப் பாய்ந்து வந்தான். யாரோ போலி என்று நினைத்திருக்கவேண்டும். பருந்து முஷ்டியை மடக்கி வேகத்தைக் கூட்டினான்.

அவள் நாடாவைப் பிய்த்து எறிந்தாள். மேலுதட்டில் பாதித் தோல் அதோடு போனது.

“ஐயோ! நில்லுய்யா! அது நீதான்! நில்லு!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் நிற்கவில்லை.

பறக்கத் தெரியாது, பேருந்தைத் தூக்கத் தெரியாது. கண்ணாடிக்காரிக்கு இரண்டு கைகள்தான் இருந்தன. அவற்றை விரித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணைக்கூட மூடவில்லை, அவ்வளவு கோபம். ஒரு சாண் தூரத்தில் அவன் அந்தரத்தில் நின்றான். அவன் முஷ்டி அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

“எத்தனை தடவை கத்தறது? காது கேக்காதா?”

“என்னங்க?”

“காது கேக்காதான்னேன்!”

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன்.” அவன் தரையில் கால் ஊன்றினான். “காத்துல பறந்து பறந்து காது மந்தமாயிடுச்சு. எட்டு வருஷம் ஆச்சு. பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க.”

அவள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். “அப்ப… நான்… ஐயோன்னது?”

“ஐயோன்னீங்களா? எப்ப?”

“இத்தனை நாளா நான் உங்களைத் திட்டினது?”

“திட்டினீங்களா?” அவன் முகம் வெளுத்துப்போனது. “கண்ணெல்லாம் பளபளன்னு, கையெல்லாம் ஆட்டி, அவ்வளவு ஆசையா வேகமாப் பேசுவீங்க. ஒண்ணும் புரியாது. நன்றி சொல்றீங்கன்னு நெனச்சேன். அதைப் பாக்கறதுக்காகவே மத்த வேலையெல்லாம் விட்டுட்டு இங்க முதல்ல வந்துடுவேன்.”

எட்டுத் தடவையாகச் சேர்த்துவைத்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டிப் பார்த்தாள். ஆனால் அவனுக்குப் புரியவேண்டுமானால் மெதுவாகத் திட்டவேண்டும். மெதுவாகத் திட்ட முடியாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“காது கேக்காதுன்னா எப்படி வந்தீங்க?”

அவன் மணிக்கட்டைக் காட்டினான். உதவி எண்ணுக்கு யாராவது போன் செய்தால் அதில் செய்தி வருமாம். ‘கண்ணாடிக்கடை. உயிருக்கு ஆபத்து. உடனே வரவும்.’ வரிசையாக எட்டு.

“நீங்கதான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்,” என்றான் சின்னக் குரலில்.

கூப்பிட்டீங்களாமே. அந்த ‘ஆமே’யை அவள் கோபத்தில் ஒரு நாளும் காதில் வாங்கவில்லை. யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறான். யார்? கடிகாரம் இரண்டே முக்கால் என்றது. “அதை அப்புறம் பாத்துக்கறேன். பிடிங்க அந்தப் பக்கம். பறக்கக் கூடாது. நடக்கணும்.”

அவன் நடந்தான். அவள் கை காட்டிய இடத்தில் திரும்பி, கை காட்டிய இடத்தில் நின்று, நடனப் பள்ளியின் சுவரில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தான். மக்கு அண்ணன் விளிம்புக்கு மக்கு பூசினார். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடி சுவரோடு சுவராக நின்றது. நடன டீச்சர் கைதட்டினார். கண்ணாடிக்குள் பருந்தும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தார்கள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு எரிந்தது. இருந்தாலும் சிரித்தாள்.

அப்போதுதான் கண்ணாடியின் நட்டநடுவில் ஐந்து விரலும் பதிந்த மக்குக் கறை அவள் கண்ணில் பட்டது.

“ஐயோ! என்னண்ணே இது! கையைத் துடைக்க இந்தக் கண்ணாடிதான் கிடைச்சுதா? கொஞ்சமாவது…”

“மக்கு தீந்துபோச்சு,” என்று அங்கே தொங்கிய திரைக்குப் பின்னால் மக்கு அண்ணன் மறைந்தார்.

அவள் மூச்சு வாங்கி அடுத்த வரிக்குத் தயாரானாள். பருந்தின் மணிக்கட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘நடனப் பள்ளி. உயிருக்கு ஆபத்து. உடனே வரவும்.’

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். அவள் போய் அதை விலக்கினாள். மக்கு நிரம்பி வழிகிற டப்பா கீழே இருந்தது. மக்கு அண்ணன் போனைக் காதில் வைத்தபடி உறைந்து நின்றார்.

“நீங்களா?” அவள் டப்பாவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். “எட்டுத் தடவையும் நீங்களாண்ணே? உயிருக்கு ஆபத்துன்னு ஊரைக் கூட்டற அளவுக்கு எனக்கு என்னண்ணே வந்துச்சு?”

மக்கு அண்ணன் போனைப் பையில் போட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு ஏது பாப்பா ஆபத்து? நான் கூப்பிட்டது என்னைக் காப்பாத்த!”