சாம்பிளில் உள்ளது

"சார், எனக்கு இருபத்தஞ்சு வயசாகறப்ப என்ன வேலைங்க இருக்கும்?"

சதீஷ்குமார் கேட்டதும் தண்டாயுதபாணி சாக்பீஸைக் கீழே வைத்தார். அவர் வரலாற்று ஆசிரியர். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு 'எதிர்காலம்' என்று புதிதாக ஒரு பாடவேளை வந்து, அதுவும் அவர் தலையில் விழுந்திருந்தது. நடந்ததைச் சொல்வது அவருக்குப் பழக்கம். நடக்காததைச் சொல்ல நா எழவில்லை. சன்னலுக்கு வெளியே துணி மூட்டை ஏற்றிய வண்டிகள் வீரபாண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே நின்றார். மணி அடித்துவிட்டது.

மறுநாள் தாளாளர் பொன்னுச்சாமி கூப்பிட்டனுப்பினார். பனியன் கம்பெனி முதலாளியான அவர் பள்ளியையும் கம்பெனி மாதிரியே நடத்தினார். வகுப்பில் மாட்டியிருந்த கேமராவின் படத்தை, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் அனுப்ரியா ஓட்டிக் காட்டினாள்.

"ஏனுங்க சார், இத்தனை நேரம் சும்மா நிக்கறீங்க? மெசின் நின்னா எனக்கு நெஞ்சடைக்குதுங்க."

"யோசிச்சேனுங்க."

"யோசனையெல்லாம் ஊட்ல முடிச்சுட்டு வாங்க. இது சாம்பிள் மாதிரிங்க. சாம்பிள்ல என்ன இருக்கோ அதான் தைக்கற ஒவ்வொரு பீஸ்லயும் வரோணும். வருசக் கடைசியில பெத்தவங்களைக் கூப்புட்டுக் காட்டப்போறேன். சரியா வரலீன்னா, அடுத்த வருசம் வரலாறுக்குத் தனி ஆள் வேண்டாம்னு இருக்கறேன்."

ஐம்பதைத் தாண்டிய வயதில் இன்னொரு பள்ளி தேட முடியாது. அடுத்த வகுப்புக்குத் தயாராகவே போனார்.

"கோடிங் படிங்க கண்ணு. அதுக்கு என்னைக்கும் வேலை உண்டு."

"எங்கண்ணன் அதானுங்க படிச்சான். இப்ப கம்ப்யூட்டரே எழுதிக்குதுன்னு அவனை ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. சொன்னவன் சிரிக்கவில்லை.

"சரி, மெர்ச்சன்டைசிங் போங்க. துணி வாங்கற வெளிநாட்டுப் பையர்கிட்ட ஆர்டர் பேச ஆள் வேணுமல்ல?"

"பையரே மெசினை வெச்சுத்தானுங்க பேசறான்" என்றான் ஒரு மெர்ச்சன்டைசரின் மகன். "இங்கயும் ஒரு மெசின் வெச்சிருக்காங்க. ரெண்டும் பேசி முடிச்சுக்கும். எங்கப்பா தலையாட்டோணும், அவ்வளவுதான்."

விவசாயம் என்று ஆரம்பித்தார். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருந்தவரின் மகன் எழுந்தான்.

"நீ உக்காரு கண்ணு" என்றார் தண்டாயுதபாணி.

அதோடு விட்டுவிட்டார். அதன்பின் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்து நிற்பார். முதலில் பையன்கள் நெளிந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். "உங்கப்பன் வேலை போச்சுன்னா நீ என்னடா பண்ணுவ?" அந்தப் பேச்சில் கிண்டல் குறைந்துகொண்டே வந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. ஏற்றுமதி அவசரத்தில் தாளாளர் கேமராப் படத்தைப் பார்ப்பதையே மறந்திருந்தார்.

பெற்றோர் நாளன்று மேடையில் தண்டாயுதபாணிக்கு நாற்காலி போடவில்லை. பெரிய திரை ஒன்று இருந்தது.

"இனிமே எதிர்கால வகுப்புக்கு இதானுங்க வாத்தியாரு" என்றார் பொன்னுச்சாமி. "சார் பாடம் நடத்துனதைக் கேமராவுல புடிச்சு, அத்தனையும் கம்ப்யூட்டருக்குப் போட்டுப் பழக்கியிருக்கறோம்."

திரையில் ஓர் உருவம் தொண்டையைச் செருமியது. "சொல்லு கண்ணு" என்றது. தண்டாயுதபாணியின் குரல். பெற்றோர் கேட்டதற்கெல்லாம் தங்குதடையில்லாமல் பதில் சொன்னது. கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் அவர், தன் சட்டையை வேறொருவன் போட்டிருப்பதைப் பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார். வேலை போய்விட்டது என்பது புரிந்தது.

சதீஷ்குமார் எழுந்தான். "சார், எனக்கு இருபத்தஞ்சு வயசாகறப்ப என்ன வேலைங்க இருக்கும்?"

திரையில் இருந்த உருவம் சாக்பீஸைக் கீழே வைத்தது. பக்கவாட்டில் திரும்பி எங்கோ பார்த்தது. பேசவில்லை.

பெரியவர்கள் இருமினார்கள். பையன்கள் வழக்கம்போல ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஓர் அப்பா குனிந்து மகனிடம் எதையோ கேட்டார். அவன் யோசித்துப் பதில் சொன்னான். மெல்ல மெல்ல அரங்கம் முழுக்க அப்பாக்களும் பையன்களும் பேசத் தொடங்கினார்கள்.

பொன்னுச்சாமிக்கு வியர்த்துவிட்டது. மேடை ஓரம் ஓடினார். "ஏம்மா, நின்னுபோச்சா? சீக்கிரம் சரி பண்ணு."

அனுப்ரியா திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தானுங்க ஓடுது. சாம்பிள்ல இருக்கறதுதானுங்க வந்திருக்கு. இந்தக் கேள்விக்குச் சார் இப்படித்தானுங்க பாடம் நடத்துவாரு."