தொண்டை வேண்டாத பெட்டி

மரியாதைக்கும், அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

குழாய் வேலை பார்க்கும் உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். என் முன்பல் இரண்டு மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. உன் உடம்பையும் அத்தானின் முழங்காலையும் பற்றி அத்தான் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவளை ஒரு தடவைகூட நேரில் வந்து பார்க்கவில்லையே என்று தப்பாக நினைக்காதே. வேலை அப்படி. ஊரில் உள்ள அத்தனை குழாயும் இந்த வருஷம்தான் ஒழுகுவது என்று பேசி வைத்துக்கொண்டிருக்கின்றன.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் ஆகிறது. அதாவது நீ என்னைத் திட்டி எட்டு மாதம் ஆகிறது. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடும் பிள்ளையை விசில் இல்லாமலே நிறுத்திய உடற்பயிற்சி டீச்சர் நீ. ஐம்பத்து நாலு வயது வரை வாரம் தவறாமல் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை உடைந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் அவள் திட்டுகிறாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் திட்டினால் அதில் ஒரு நியாயம் இருக்கும். நீ திட்டும்போது அந்த மாதிரி எதுவும் இருக்காது, அதுதான் மனசுக்கு இதம். டாக்டர் கொடுத்த, கழுத்தில் வைத்துப் பேசும் கருவியை நீ ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லை, மிக்ஸி" என்று சிலேட்டில் எழுதிக் காட்டி அலமாரியில் போட்டுவிட்டாய் என்று அத்தான் சொன்னார். அன்றையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உன்னை எப்படியாவது மறுபடி திட்ட வைக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து, இசைக்கருவி விற்கும் கடையில் கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தால் கடைக்காரர் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துக்கொண்டு கீபோர்டை வாசிக்கிறார், கீபோர்டு "வாங்க, வாங்க" என்று வரவேற்கிறது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் பெயர் டாக் பாக்ஸாம், அதாவது பேசும் பெட்டி. உள்ளே ஒரு ஸ்பீக்கரை வைத்து மூடிய பெட்டி. கீபோர்டின் சத்தம் பெட்டிக்குள் போய், குழாய் வழியாக நம் வாய்க்குள் வரும். நாம் சத்தம் போடாமல் பேசுகிற மாதிரி வாயை அசைத்தால் போதும், அந்தச் சத்தமே பேச்சாகிவிடும், எதிரில் இருக்கும் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். "இதுக்குத் தொண்டையே வேண்டாம் சார்" என்றார் கடைக்காரர், சும்மா பேச்சுவாக்கில். எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. பெட்டியையும் பழைய கீபோர்டு ஒன்றையும் அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதலில் நான் கற்றுக்கொண்டு, பேசி, பதிவு செய்து உனக்கு அனுப்ப வேண்டும், அதைக் கேட்டு உனக்கு ஆசை வர வேண்டும் என்பது திட்டம்.

முதல் நாள். நமக்குக் குழாய் என்றால் அடி முட்டும் வரை இறக்கித்தானே பழக்கம்? அந்தப் பழக்கத்தில் இறக்கிவிட்டேன். மதியம் சாப்பிட்டது முழுவதும் வெளியே வந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "கடைவாய்ப் பக்கம் ஓரமா, விரல் நுனி அளவு வச்சாப் போதும் சார், நீங்க என்ன சாக்கடை அடைப்பா எடுக்கறீங்க?" என்று கேட்கிறார். ஓரமாக வைத்து ஒரு கட்டையை அழுத்தினேன். மண்டை ஓட்டுக்குள் மாவு மில் ஓடுகிறது அக்கா! கட்டிவைத்த முன்பல் இரண்டும் தனியாகத் தாளம் போட ஆரம்பித்தன. அதையும் பொறுத்துக்கொண்டு பேசிப் பார்த்தால், என் சொந்தத் தொண்டை சும்மா இருந்தால்தானே? அதுவும் கூடவே பேசுகிறது. "ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கு, ரெண்டு பேருக்கும் விவரம் பத்தல" என்றாள் வீட்டுக்காரி. தொண்டையை மூடிக்கொண்டு வாயை மட்டும் அசைக்கப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. உனக்கு அந்தக் கஷ்டமே கிடையாது, யோசித்துப் பார்.

அப்புறம் இன்னொரு வம்பு. அம்மா, பாப்பா, மாமா எல்லாம் கண்ணாடி மாதிரி வருகிறது. உதட்டை மூடினால் சத்தம் நிற்கிறது, திறந்தால் வருகிறது. ஆனால் "அக்கா" மட்டும் வரமாட்டேன் என்கிறது. "அ...ஆ" என்று கொட்டாவி விடுகிற மாதிரி போய்விடுகிறது. அந்த எழுத்துக்கு நாக்கு பின்னால் போய் அடைக்கிறது, குழாய் இருப்பதோ முன்னால், அப்புறம் எங்கே அடைபடும்? இது தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான் என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. வழி என்னவென்றால், அந்த இடத்தில் விரலைக் கட்டையிலிருந்து சட்டென்று எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். வாய் ஒரு வேலை, விரல் ஒரு வேலை, இரண்டும் ஒரே நொடியில். முப்பது வருஷம் ரெஞ்ச் பிடித்த விரல் இது. திருகு என்றால் திருகும், தூக்கு என்றால் தூக்காது. உன்னைக் கூப்பிடுவதற்கே எனக்கு இன்னொரு மாதம் போனது.

இத்தனையும் பண்ணிய பிறகு எச்சில் பிரச்சினை வந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் எச்சில் குழாயில் இறங்கிப் பெட்டிக்குள் போகிறது. வாசிக்கிறவர்கள் அவ்வப்போது குழாயைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்களாம். இது எனக்குக் கேவலமாகப் பட்டது. ஒரு தொழில்காரன் வீட்டில், வந்த வழியே தண்ணீர் திரும்பிப் போகிறது என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? நல்ல பித்தளையில், ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் வால்வு ஒன்றை எடுத்து, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, சொட்டுக் கசியாமல் குழாயின் நடுவில் மாட்டினேன். சத்தம் மேலே வரலாம், எச்சில் கீழே போகக் கூடாது. என் தொழில் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமான இணைப்பு நான் போட்டதில்லை. மாட்டிவிட்டு வாசித்தால், பேச்சு மூச்சு இல்லை. பிரஷர் பத்தவில்லை என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். முழுசாகத் திருகினேன். பெட்டிக்குள் ஒரு தும்மல் சத்தம் கேட்டது, அப்புறம் புகை. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு வால்வைக் கழற்றிக் கையில் உருட்டினார். "சார், இதுல போறது தண்ணி இல்ல" என்று மட்டும் சொன்னார். புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தார். வால்வை ஞாபகத்துக்கு என்று அவரே வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் கீழ்வீட்டு நூலகர் வேறு. ரிட்டையர் ஆனவர், பக்கம் புரட்டும் சத்தம்கூடப் பெரிது அவருக்கு. "சாயங்காலம் ஆனா எங்க பாத்ரூம் குழாய் முனகுதுங்க, காத்து அடைச்சிருக்கும் போல, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று என்னிடமே வந்து நின்றார். முனகுவது நான்தான் என்று எந்த வாயால் சொல்வேன்? ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய் ஒரு நட்டைக் கழற்றி, அதே நட்டை மாட்டி, "இனிமே வராது" என்று சொல்லி, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். நான் கீழே இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? "உங்க கை பட்டாலே சரியாயிடுது" என்று மனுஷன் உருகிப்போனார். இப்படி இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவர் பாத்ரூமில் நான் குனிந்திருக்கும்போது, காற்றுப்போக்கி வழியாக முனகல் வருகிறது! "கேட்டீங்களா, கேட்டீங்களா, இதுதான்!" என்று அவர் குதிக்கிறார். அந்த முனகல் அப்படியே திரண்டு, தெள்ளத் தெளிவாக, "சாப்பிட வாங்க" என்றது. நூலகர் என்னைப் பார்த்தார். "குழாய் உங்களத்தான் கூப்பிடுது போல" என்றார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே ஓடினால், என் வீட்டுக்காரி பெட்டி முன்னால் உட்கார்ந்து குழாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "சும்மா வச்சுப் பாத்தேன், இதுக்கா இத்தனை நாளு?" என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

கடைசியில் பதிவு. கடைக்காரர் யோசனைப்படி துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசித்தேன், சட்டையும் புடவையும் எதிரொலியை உறிஞ்சுமாம். இஸ்திரிப் பலகை மேல் கீபோர்டு, பழைய ஷவர் குழாயில் நானே செய்த ஸ்டாண்டில் மைக். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: "அக்கா, இனி நீ தாராளமாகத் திட்டலாம்." முதல் தடவை மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஊளையிட்டன. அடுத்து ஒரு தடவை குழாயைக் கடித்துவிட்டேன். அடுத்து அந்துருண்டை வாசனைக்குத் தும்மினேன். வீட்டுக்காரி போனில் பதிவுப் பட்டனை அழுத்த வேண்டும், நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. நாற்பத்து ஓராவது தடவை, அக்கா, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. உன்னை நேரில் கூப்பிட்ட மாதிரியே இருந்தது. அலமாரிக்குள்ளேயே அழுதுவிட்டேன். போட்டுக் கேட்டால், எங்கோ நடுவில் பட்டன் மாறிப்போயிருக்கிறது. நான் வாசித்த நேரமெல்லாம் பதிவு நின்றிருக்கிறது, வாசிக்காத நேரமெல்லாம் ஓடியிருக்கிறது. எங்கள் சண்டை மட்டும் பதினெட்டுத் துண்டாக, அவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. "உனக்கு ஒரு பட்டன அழுத்தத் தெரியாதா?" என்றேன். "உங்க அக்காகிட்ட பேச உங்களுக்கு ஒரு பெட்டி வேணுமா?" என்றாள். வார்த்தை தடித்துவிட்டது. நேற்று முன்தினம் பெட்டி, கீபோர்டு, மைக் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். "கடையில குடுத்துட்டு அப்படியே என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், ரெண்டு நாள் கழிச்சு வருவேன்" என்று கிளம்பிப் போய்விட்டாள்.

ஆகவே அக்கா, நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இது ஆகிற காரியம் இல்லை. இரண்டு பல்லும் ஒரு ஸ்பீக்கரும் போனதுதான் மிச்சம். நீ இதற்கெல்லாம் ஆசைப்படாதே, சிலேட்டே போதும், உன் கையெழுத்து நன்றாகத்தானே இருக்கும்? வேலை கொஞ்சம் குறைந்ததும் கட்டாயம் வந்து பார்க்கிறேன். அத்தானைப் படி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல். பெரியவர்கள் நீங்கள் இருவரும் எங்களை மனதால் ஆசீர்வதித்தால் போதும், நாங்கள் நன்றாக இருப்போம்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுச் சட்டை போடும்போது போன் அடித்தது. அத்தான் நம்பர். எடுத்தால் அவர் பேசவில்லை. ஒரு ரீங்காரம் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. அப்புறம், "எட்டு மாசமா ஏண்டா வரல?"

குரல் பெட்டியுடையது, திட்டு உன்னுடையது. வேலை ஜாஸ்தி என்று ஆரம்பித்தேன். நீ விடவில்லை. "பொய்" என்றாய். பின்னால் என் வீட்டுக்காரி சிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கச்சி வீடாம், தங்கச்சி வீடு!

பொய்தான் அக்கா. அப்போது போனில் சொல்ல வாய் வரவில்லை, எனக்குத் தொண்டை இருந்தும். நீ பேசாமல் உட்கார்ந்திருப்பதை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் வரவில்லை. ஒரு குழாயும் ஒழுகவில்லை. மேலே எழுதிய முடிவை எல்லாம் அடித்துவிடு. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், தபாலில் போடப் போவதில்லை, நானே கொண்டுவந்து உன் கையில் தருகிறேன். பத்தரைக்கு பஸ். நாலு நாள் தங்குகிறேன். முதல் நாள் முழுக்க நீ மட்டும் பேசு.