நீலக் கேத்தில் காட்டிய கூட்டம்

குடிகாரனுக்கு வெட்கமில்லை என்பார்கள். சுத்தப் பொய்! கள்ளுத் தவறணைக்குள் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போவான். குடியை விடப் போகும் இடத்துக்குத்தான் முகத்தை மறைத்துக்கொண்டு போவான். நானும் அப்படித்தான் போனேன். அதனால்தான் இவ்வளவு வில்லங்கமும்.

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியுமுன்னமே வரிசையில் நின்ற எழுபதுகள். நான் துறைமுகத்தில் கிளாக்கர். மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போனவன், கேக்கைத் தவறணையில் மறந்துவிட்டு மெழுகுதிரியோடு மட்டும் வீட்டுக்கு வந்தேன். (இரண்டு திரி. ஒன்று முறிந்திருந்தது.) என் மனைவி மலர் கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உப்புவெளிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பின்னால் ஓடினேன். மலர் வாசல் படலையைத் திறக்கவே இல்லை.

"நாலு பேருக்கு முன்னாலை உங்கடை வாயாலை உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு பாப்பம்" என்றாள்.

அந்த நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? ஜெட்டிப் பக்கம் தேநீர்க்கடை வைத்திருந்த கிண்ணியா ரஹீம் நானா, ஊருக்கே அண்ணர், அவர்தான் காதுக்குள் சொன்னார்.

"ஓர்ஸ் ஹில்லில ஒரு மண்டபம் இருக்கு தம்பி. ஞாயிறு பின்னேரம் நாலு மணி. குடிய விட்ட ஆக்கள் கூடுறாங்க. பேர்ப் போர்ட் ஒண்டும் இல்ல. ஆரிட்டயும் விசாரிக்காதீங்க, அது அவங்கட ரகசியம். நான்தான் கேத்தில்ல பிளேன்டீ ஊத்தி அனுப்புற. எண்ட நீலக் கேத்தில் எங்க இருக்கோ, அங்க போய் இருங்க."

ஞாயிறு மூன்றரைக்கே போய்விட்டேன். முன் மண்டபத்து மேசையில் நீலக் கேத்தில்! அதைச் சுற்றி நாற்பது கதிரைகள், நாற்பது மனிதர்கள்! தபால்காரர், கோயில் மணியகாரர், தலைமைக் கதிரையில் மலரின் பெரியப்பா, எனக்கு மாமா முறை. ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். கோப்பி கூடக் குடிக்காதவர் என்று குடும்பத்தில் பெயர். அடடே, மாமாவும் நம்மடை ஆள்தானா! எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. எல்லாரையும் பார்த்து, எனக்குத் தெரியும் என்ற மாதிரிக் கண்ணைச் சிமிட்டினேன். ஒருவரும் திருப்பிச் சிமிட்டவில்லை. (ரகசியம் காக்கிறார்களாம்!)

"புதிசாச் சேர வந்தவை எழும்பிச் சொல்லலாம்" என்றார் மாமா.

துள்ளி எழும்பினேன். "நான் சிவராசா. நான் ஒரு குடிகாரன்!" என்றேன். கேக்கைச் சொன்னேன், மெழுகுதிரியைச் சொன்னேன், சம்பள நாளில் சாக்கடைக் கானுக்குள் படுத்ததைச் சொன்னேன். அழுதும் விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா கிடந்தால்தானே?

"மாமா! நீங்கள் எவ்வளவு குடிச்சிருப்பியள்! நீங்களே திருந்தியிருக்கேக்கை எனக்கு ஏலாதோ?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருமகன், இது மரண சகாய சங்கம். செத்த வீட்டுக்குப் பந்தலும் மாலையும் குடுக்கிறது."

பின்வரிசையில் ஒரு குரல்: "இவரைச் சேர்த்தா முதல் மாலை இவருக்குத்தான்!"

சிரிப்பு வெடித்தது. கதவைப் பார்த்து நடந்தேன். ஓடவும் வழியில்லை, வாசலில் ஒரு ஆள் நின்றார். துறைமுகத்தில் வெல்டிங் செய்யும் அந்தோனி அண்ணர். ஒரு சொட்டும் தொட்டறியாத மனிதர் என்றுதான் ஊர் முழுக்க நினைத்திருந்தது.

"எங்கடை கூட்டம் பின் அறையிலை. கேத்திலை மாறி இஞ்சை வச்சிட்டாங்கள்" என்றார் சத்தமாக. "கேத்திலைத் தாங்கோ. இந்த மனுசனையும் தாங்கோ. ரெண்டும் எங்கடை."

சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் ரகசியத்தை நாற்பது பேருக்கு முன்னால் போட்டு உடைத்தார்.

நாங்கள் போக முன்னம் மாமா கையை உயர்த்தினார். "மருமகன் குடியை விடுறதாச் சொன்னதைக் கூட்ட அறிக்கையிலை எழுதுங்கோ. நான் பிரேரிக்கிறன்."

"நான் ஆமோதிக்கிறன்" என்றார் எனக்கு முதல் மாலை போடவிருந்த பின்வரிசைக்காரர்.

பின் அறையில் அந்தோனி அண்ணரோடு இன்னும் இரண்டு பேர். பிளேன்டீ ஆறிப் போயிருந்தது. அதைப் போல ருசியான தேநீரை நான் குடித்ததில்லை.

உப்புவெளிக்குச் சைக்கிளை மிதித்தேன். எனக்கு முன்னமே கதை போய்ச் சேர்ந்திருந்தது. மலர் படலையில் நின்றாள், இடுப்பில் பிள்ளை.

"நாலு பேர் எண்டுதானே சொன்னனான்? நாப்பது பேரோ!"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படலையைத் திறந்தாள்.

பிறகு ஞாயிறு தவறாமல் பின் அறைக்குப் போனேன். மாதம் ஒருமுறை முன் மண்டபத்துக்கும் போகவேண்டி வந்தது, ஏனென்றால் போன கூட்டத்து அறிக்கையை வாசித்ததும் மாமா, "அறிக்கையில் எழும் விடயங்கள்" என்று, அதாவது அதில் இன்னும் பேச ஏதும் இருக்கா என்று, என்னைத்தான் பார்ப்பார். நான் எழும்பி, "இல்லை, இன்னும் குடிக்கேல்லை" என்பேன். காரியதரிசி எழுதிக்கொள்வார்.

மாமா கண்ணை மூடியபோது அந்தச் சங்கமே மாலை போட்டது. ஆனால் அந்தக் கேள்வி நிற்கவில்லை. நான் கலியாண வீட்டுக்கோ கடைக்கோ போய் அரை மணித்தியாலம் பிந்தினால் போதும், மலர் குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்பாள்:

"அறிக்கையிலை எழும் விடயம் ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை, தலைவர் அவர்களே!"

கேக் வாங்கப் போனால் மட்டும் இன்றைக்கும் மகளையும் என்னோடு அனுப்புவாள்.