லாஸ் விளக்கும் உங்கள் அக்காவின் கணக்கு வகுப்பும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். வீட்டு இன்டர்நெட் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. இந்தக் காலத்தில் கடிதம் யார் எழுதுவார்கள் என்று கேட்பீர்கள். இன்டர்நெட் இல்லாதவன் எழுதுவான். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்கிறார். இதுவோ உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் பேசவேண்டிய விஷயம்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். மணி அடிக்காத வீட்டில் எப்போது உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் வளைய வந்தாள். பேச்சும் குறைந்துபோயிற்று. அப்படிப்பட்டவள், பின்னக் கணக்கென்றால் தலைதெறிக்க ஓடும் பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்து, வருகிற சனிக்கிழமை முதல் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் எடுக்கப்போகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கனெக்‌ஷன் என் பொறுப்பு" என்று மார்தட்டிவிட்டேன். தட்டின இடம் இன்னும் வலிக்கிறது.

இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து மோடம் பெட்டியை மாட்டிவிட்டுப் போன மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது. பெட்டியில் வரிசையாக விளக்குகள். அதில் ஒன்று மட்டும் சிவப்பாகக் கண்ணடிக்கிறது. அதன் கீழே எல், ஓ, எஸ் என்று போட்டிருக்கிறது. ஒரு எஸ் குறைந்தால் அர்த்தம் குறைந்துவிடுமா? வாழ்நாளெல்லாம் ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். லாஸ் என்ற சொல்லைக் கண்டாலே கல்லாவை இன்னொரு தரம் எண்ணிப் பார்க்கிறவன். புதிதாக ஒரு காரியம் தொடங்கும் நேரத்தில் உங்கள் அக்கா கண்ணில் இது படலாமா? காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டுத்தான் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், லாஸ்ல சிவப்பு எரியுதா?"

"நம்ம வீட்டுல லாஸே கிடையாதும்மா."

"ரொம்ப நல்லது சார்" என்று அவளும் நம்பிவிட்டாள். அங்கே பிடித்தது சனி. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள். "எழுதிக்கோங்க சார், எல்லாமே சின்ன எழுத்து" என்றாள். நானும் பவ்வியமாக, எறும்பு ஊர்வதுபோல் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக எழுதினேன். அப்புறம் அதை என்னாலேயே படிக்க முடியவில்லை. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்து அணைத்துப் போட்டதில் சுவிட்சே லொடலொடவென்று ஆகிவிட்டது. "லைன்லயே இருங்க" என்பாள், பாட்டு ஓடும், பாட்டு முடிந்தால் வேறொருவர் வந்து என் பிறந்த தேதியிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் அவர்களுக்கெல்லாம் பெரியவர் ஒருவர் வந்து, "விளக்கு ஒவ்வொண்ணா என்ன கலர்னு சொல்லுங்க" என்றார்.

"பச்சை, பச்சை, பிளாஸ்திரி."

"அதைப் பிரிச்சுட்டுச் சொல்லுங்க சார்" என்றார். பிரித்தேன். சிவப்பு. "அது நஷ்டமில்ல சார், சிக்னல் வரலன்னு அர்த்தம். ஒயரைப் பாருங்க" என்றார். பெட்டிப் பக்கம் இறுக்கமாகத்தான் இருந்தது. சுவர்ப் பக்கம் ஒயர் சேரும் டப்பா உங்கள் அக்காவின் புத்தக அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. "அதெல்லாம் நான் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்று அவள் திரும்பாமலே சொல்லிவிட்டாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

இதில் என்ன கொடுமையென்றால், அவள் என்னைத் திட்டவில்லை. "போனாப் போகுது, விடுங்க" என்கிறாள். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். அதனால் நீங்கள் சனிக்கிழமைக்குள் வந்து, இந்த வகுப்பெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் பின்னக் கணக்கு தெரியாமலே பெரியாளாகி நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிளாஸ்திரியும் கையுமாக,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் வரவேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே சுமந்து திரிந்தேன், சனிக்கிழமையும் வந்துவிட்டது. இன்று காலை துவைக்கச் சட்டையை எடுத்தவள் முழுசாகப் படித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒயரை உருவினது நான்தாங்க."

நான் புத்தக அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"கரும்பலகைன்னா முதுகைக் காட்டிட்டு நின்னு யோசிச்சுக்கலாம். இதுல எல்லாப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல என் மூஞ்சியையே பாக்கும். நடுவுல மறந்துபோச்சுன்னா? கம்பெனிக்காரன் மேல பழி போயிட்டா யாருக்கும் சங்கடமில்லன்னு பாத்தேன். நீங்க அவங்ககிட்ட அந்தக் கெஞ்சு கெஞ்சுவீங்கன்னு நினைக்கல."

பாவம், அவளும் பயந்துதான் கிடந்திருக்கிறாள். கோபம் வரவேண்டிய இடம்தான், வரவில்லை. "சொருகணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றேன். கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்துபோய்ப் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு அவளே சொருகினாள். சிவப்பு அணைந்தது, மீதியெல்லாம் பச்சை.

உறையில் முகவரி எழுதிவிட்டதால் வீணாக்க மனமில்லாமல் இதை அனுப்புகிறேன். வகுப்பு உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. நான் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் அவள் குரலே எழும்பவில்லை. எனக்கு உயிர் கையில் இல்லை. இப்போதுதான் திடீரென்று, பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே அதட்டல்: "கடைசி வரிசையில யாரு பேசுறது?"

கம்ப்யூட்டரில் ஏது மச்சான் கடைசி வரிசை? ஆனாலும் ஒரு பிள்ளை உடனே, "சாரி டீச்சர்" என்றது.