காயாத குட்டை

துக்க வீட்டில் எதிலும் கை வைக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பதே பெரிய உதவி என்பது சிலருக்குக் கடைசிவரை புரியாது. நான் அந்த ரகம். (என் மனைவி சுமதி வாய்விட்டே சொன்னாள். அப்போதும் புரியவில்லை.)

வீடு, மரம், புல், குளம் எல்லாவற்றையும் ஒரு பலகைக்குள் குட்டி குட்டியாகச் செய்து வைக்கும் பைத்தியம் எனக்குண்டு. அதைப் பார்த்துத்தான் மாமனார் ஒருநாள் கேட்டார்.

"எங்க தோட்டத்து ஈயக்குட்டைய செஞ்சு குடு மாப்ள. நான் மீன் புடிச்ச எடம் லா."

சுங்கை சிப்புட் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது தாமான் குடியிருப்பு ஆகிவிட்டது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டான அந்தக் குட்டையை மண்ணடித்து மூடி, மேலே வீடு கட்டிவிட்டார்கள்.

முதலில் கரையில் லாலாங் புல். பசை தடவி, மின்சாரம் ஏற்றிய சல்லடையால் நைலான் இழைகளைத் தூவினால் ஒவ்வொன்றும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாமனாரிடம் போனில் படம் காட்டினேன்.

"புல்லு சரி. தண்ணி எங்க?"

"அடுத்த வாரம் மாமா."

அடுத்த வாரம் அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் குட்டையை முடித்து, அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. முந்தின நாள்தான் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் என்றால் ரெசின். இரண்டு திரவங்களை அளந்து கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகும். அளந்து கலக்கவும், மெல்லிய அடுக்குகளாக ஊற்றவும் என்று விளக்கத் தாளில் இருந்ததாம். துக்கத்தில் இருப்பவன் விளக்கத் தாளா படித்துக்கொண்டிருப்பான்? கண்ணளவில் கலந்து, பாலில்லாத தே ஓ நிறம் சேர்த்து, மொத்தத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றினேன்.

காலையில் பார்த்தால் அசல் குட்டை. தொட்டுப் பார்த்தால் விரலோடு பலாப்பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோய், கொஞ்சம் வெயில் படட்டும் என்று வாசல் மதில்மேல் வைத்தேன். அதே மதிலில்தான் மச்சான் குணா காகத்துக்குச் சோறு வைத்தான்.

எல்லாரும் "கா... கா..." என்று கூப்பிட்டோம். வரவில்லை. கணவரை எரித்த நாளிலிருந்து சரியாகப் பேசாத அத்தை, கைகூப்பியபடி நின்றார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "மனசுல என்ன கொறையோ," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கடைசியில் ஒரு காகம் வந்தது. சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் குட்டைக்குப் போய் ஒரு காலை உள்ளே வைத்தது. வைத்த கால் வரவில்லை.

"ஐயோ, அப்பாவப் புடிச்சு வெச்சிட்டீங்களே!" சுமதி அலறினாள்.

காகம் சிறகடித்துக் கத்தியது. நான் பாய்ந்துபோய்ப் பலகையைப் பிடித்தேன்; அது என் புறங்கையைக் கொத்திக் கிழித்தது. (சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர்.) குணா அடுப்படியிலிருந்து சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து அதன் காலில் ஊற்றியபடி கத்தினான்: "மெதுவா லா மச்சான், கால ஒடச்சிராதீங்க!" ஒரு வழியாகப் பிய்த்துக்கொண்டு, காலில் ஒரு கொத்து லாலாங்கோடு பறந்து போனது. சோறு தொடாமல் கிடந்தது.

எண்ணெய் சொட்ட நின்றேன். எந்த நிலமாவது பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தேன்.

அத்தைதான் வாய் திறந்தார். "இருக்கறப்பயும் இப்படித்தான் இந்த மனுசன். சோறு ஆறிப்போய்க் கெடக்கும், இவரு போய்க் குட்டையில நிப்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அத்தனை நாள் அழாததையெல்லாம் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மழை வந்தது. யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

குட்டை மாதக்கணக்கில் காய்ந்து, காகத்தின் கால்தடத்தோடு இறுகியது. நிரவித் தருகிறேன் என்றேன். "கை வெக்காதீங்க மாப்ள," என்று அத்தை வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு திதிக்கும் காகத்தைக் கூப்பிடுமுன் குணா கேட்பான்: "மச்சான், காஞ்சிருச்சா?" வீடே சிரிக்கும். அத்தையும் சிரிப்பார். பிறகு சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். காகம் வந்து குடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட அவர் வாயில் படாது.