இருநூறு லீற்றர் கல்யாணம்

மலிவாக ஏதோ கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் மனிதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கூட்டம் அதை ஊரெல்லாம் சொல்லித் திரியும். மற்றக் கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாங்கும். நான் வாழ்க்கைப்பட்ட குடும்பம் இரண்டாவது கூட்டத்தின் தலைமைச் செயலகம்.

காரணம் கஞ்சத்தனம் இல்லை, கண்ணூறு, அதாவது ஊர்க்கண் பட்டுவிடும் என்ற பயம். வேலை கிடைப்பதென்றாலும் வீடு வாங்குவதென்றாலும், காரியம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பது என் மாமியாரின் சட்டம். எங்கள் கல்யாணம் பேசிய விஷயமே மொன்றியலில் ஒருவருக்கும் தெரியாது. விமான நிலையத்தில் என்னை ஏற்ற வந்த என் கணவரின் நண்பர், "தங்கச்சி, நீங்கள் ஆர்?" என்று என்னிடமே கேட்டார். (நான் சொல்லவில்லை. அப்போதே சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மருமகள்.)

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்களும் மாமியும் இருந்தோம். மேல்தளத்தில் என் கணவரின் அக்கா, பவளம் மச்சாள். குடும்பத்தின் 'கெட்டிக்காரி' பட்டம் அவரிடம் இருந்தது. எந்தக் கடையில் வெங்காயம் மலிவு என்பதை ஜன்னலைத் திறந்து காற்றை மணந்தே சொல்லிவிடுவார். நான் வந்து இரண்டு வருடமாகியும் என் கெட்டித்தனத்துக்கு ஆதாரம் எதுவும் வெளியாகவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் கொம்பியூட்டரில் எண்களைத் தட்டும் வேலை எனக்கு. அந்தப் பட்டத்தை எப்படியாவது கீழ்த்தளத்துக்கு இறக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெறியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் கணவரின் தம்பி கண்ணனுக்கு ரொறன்ரோவில் கல்யாணம் நிச்சயமானது. பெற்றோல் லீற்றர் ஒரு டொலரைத் தாண்டியிருந்த காலம். அழைக்கப்பட்ட மொன்றியல் சொந்தபந்தம் முழுவதும் ஒரே பதிலைச் சொன்னது. "வரத்தான் விருப்பம், ஆனா பெற்றோல் விக்கிற விலைக்கு..." என்று இழுத்து, மிச்சத்தைப் பெருமூச்சால் முடித்தது. உண்மையில் யாருக்கும் ஆறு மணித்தியாலம் கார் ஓட்ட மனமில்லை. எண்ணெய்க் கம்பனிகள் எல்லோருக்கும் ஒரு மரியாதையான சாக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தன.

இதில் மெய்யாகவே சந்தோஷப்பட்டவர் பெண்ணின் தகப்பன் தேவராசா மாமா. இரண்டு வேலை செய்து மூன்று பெண்களை வளர்த்த மனிதர். ஒருநாள் எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"பிள்ளை, சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. மண்டபம் சின்னன். சாப்பாடும் அளவாத்தான் சொல்லியிருக்கிறன். மாப்பிள்ளை பகுதியிலை ஒரு வான் ஆக்கள் எண்டால் சமாளிச்சிடுவன். பந்தியிலை சாப்பாடு போதாமப் போனால் எனக்கு முகமில்லை."

"மாமா, ஒரு வான்தான். அதுக்கு மேலை ஒருத்தரும் வராயினம். நான் பொறுப்பு" என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

வீட்டில் கல்யாண வேலைகளைப் பிரித்தபோதும் கையை உயர்த்தினேன். "வானுக்குப் பெற்றோல் என்ரை பொறுப்பு." மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பொறாமை என்று கணக்கெடுத்துக்கொண்டேன்.

என் துணிச்சலுக்குக் காரணம், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் கண்டுபிடித்த ஒரு இணையத்தளம். அங்கே பெற்றோலை ஏலத்தில் விடுவார்கள். நூறு லீற்றருக்கு ஒரு கூப்பன். லீற்றருக்கு இவ்வளவு தருவேன் என்று நீங்கள் கேட்கவேண்டும். அதற்கு மேல் யாரும் கேட்காவிட்டால் கூப்பன் உங்களுக்கு. அதை அச்சடித்துக்கொண்டு போய் அவர்கள் சொல்லும் நிலையத்தில், சொல்லும் நாளில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். யாரோடு போட்டி போடுகிறோம் என்று தெரியாமலிருக்க அந்தத் தளமே ஆளுக்கொரு பட்டப்பெயரும் படமும் தரும். எனக்குக் கிடைத்தது 'நீல முயல்'.

நாங்கள் புறப்படும் வெள்ளிக்கிழமைக்கு, ரொறன்ரோ போகும் வழியிலேயே புவாண்ட்-கிளேரில் ஒரு நிலையம், இரண்டு கூப்பன்கள். ஏலம் முடிவது ஞாயிறு பிற்பகல். மாமியின் சட்டப்படி ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கணவரிடம்கூட, அலுவலக வேலை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடிமாட்டு விலைக்குக் கேட்டேன். உடனே 'சிவப்பு வாத்து' என்று ஒருவர் ஒரு சதம் கூட்டிக் கேட்டார். நான் கூட்டினேன். வாத்து கூட்டியது. மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள், நானும் வாத்தும்தான் மிச்சம். வாத்தை நான் பெரிய மீசையும் பெரிய லொறியும் உள்ள ஒரு பிரெஞ்சுக்காரனாகக் கற்பனை செய்துகொண்டு பல்லைக் கடித்தேன். நான் விலையை ஏற்றும்போதெல்லாம் மேல்தளத்தில் தும் தும் என்று யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. பாவம், மச்சாளுக்கு முழங்கால் வருத்தம், நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். (கெட்டிக்காரி என்ற பட்டத்துக்கு நான் எவ்வளவு தகுதியானவள் என்று இதிலிருந்தே தெரியும்.)

முதல் கூப்பன் எனக்கு விழுந்தது. அத்தோடு எழும்பியிருக்கலாம். ஆனால் இரண்டாவது கூப்பனை வாத்து சும்மா அள்ளிக்கொண்டு போவதா? அதற்கும் கேட்டேன், வாங்குவதற்கு அல்ல, வாத்தின் காசைக் கரைப்பதற்கு. நல்லாக ஏற்றிவிட்டுக் கடைசி நிமிடத்தில் கையைக் கழுவினேன். மேலே 'தொம்' என்று கடைசியாக ஒரு சத்தம். நான் மிகவும் திருப்தியாகத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன்னமே வாடகை வான் புறப்பட்டது. கணவர் ஓட்ட, பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் மாமி, மச்சாள், நான், மற்றும் பலகாரப் பெட்டிகளுக்கிடையில் சில உறவினர்கள். புவாண்ட்-கிளேர் நெருங்கியதும் தொண்டையைச் செருமினேன்.

"இஞ்சாருங்கோ, அடுத்த வெளிவழியாலை இறங்கி அந்தப் பெற்றோல் செட்டிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

அவர் வாய் திறப்பதற்குள் மச்சாள் சொன்னார், "ஓம் தம்பி, எனக்கும் அதிலை ஒரு அலுவல் இருக்கு."

இறங்கினோம். நான் கைப்பையிலிருந்து கூப்பனை எடுத்தேன். மச்சாளும் தன் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். என் கடதாசியின் மூலையில் நீல முயல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவருடையதில் ஒரு சிவப்பு வாத்து.



"நீரோ முயல்?" என்றார் மச்சாள்.

"நீங்களோ வாத்து?"

"உமக்கு முதலாவது விழுந்திட்டுதெல்லே! பேந்து ஏன் ரெண்டாவதுக்கும் கேட்டனீர்?"

தலையை வேறு பக்கம் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில் நிலையத்தின் விலைப்பலகை இருந்தது. நாங்கள் இருவரும் ஏலத்தில் வென்ற விலையைவிட அது குறைவு. கூப்பனே இல்லாமல் வீதியால் போகிற யாரும் எங்களைவிட மலிவாக அடித்துக்கொண்டு போகலாம்.

கணவர் வந்து இரண்டு கடதாசிகளையும் பார்த்தார். "இதென்ன, பெற்றோலோ? நீர் பொறுப்பெண்டது காசுக்கு எண்டு நினைச்சு நான் நேற்றே முட்ட முட்ட அடிச்சுப்போட்டன். தூரப் பயணம், வெறும் வானோடை வெளிக்கிடேலுமோ? என்னட்டை ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

வானுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமி தலையை நீட்டினார். "நல்லகாலம், ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் கண்ணூறு பட்டிருக்கும்." (இதற்கு மேல் என்ன பட இருந்தது என்று நான் கேட்கவில்லை.)

காசாளப் பெண் கூப்பன்களை வாசித்துவிட்டு, இன்று மதியம் வரைதான், பணம் திரும்பக் கிடைக்காது, ஒரே தடவைதான், மதாம் என்றாள். குழாயை ஒருமுறை கொளுவியில் மாட்டிவிட்டால் மிச்ச லீற்றர் போய்விடும். ஆக, கையில் இருநூறு லீற்றர் பெற்றோல், அதை ஊற்ற ஒரு ஓட்டைகூட இல்லை. கண்ணன் பலகாரப் பெட்டியைத் திறந்து பயத்தம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தான். மாப்பிள்ளைக்கு அது உரிமை.

அந்த இடத்தில் என் மூளை மறுபடியும் வேலை செய்தது. அதுதான் பிரச்சினையே. "வீணாப் போக விடேலாது மச்சாள். தெரிஞ்ச ஆக்களை காரோடை வரச் சொல்லுவம்."

மச்சாள் தன் கணவர் செல்வம் அண்ணைக்கு எடுத்தார். அவர் டெப்பனர் வைத்திருந்தார், தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கடையைப் பூட்ட முடியாது என்றுதான் கல்யாணத்துக்கு வராமல் நின்றவர். நான் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் யோசப் அண்ணைக்கு எடுத்தேன். அவர்கள் இன்னும் இரண்டு பேருக்குச் சொன்னார்கள். இலவசப் பெற்றோல் என்ற செய்திக்கு மட்டும் யாரும் கண்ணூறு பார்க்கவில்லை. ராகுகாலம் நடந்துகொண்டிருக்கும்போதே நான்கு கார்கள், பெற்றோல் முள்ளு அடியைத் தொட்ட நிலையில், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றன.

பிறகு நடந்ததை அந்தக் காசாளப் பெண் இன்றும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பாள். என் கணவர் ஒரு குழாயை, கொளுவியில் மாட்டாமல், தூக்கிப் பிடித்தபடி காருக்குக் கார் தாவினார். மச்சாள் மற்றக் குழாயோடு மற்றப் பக்கம். "உம்மடை பக்கம் எவ்வளவு போயிட்டுது?" என்று அப்போதும் என்னிடம் போட்டிக்குக் கேட்டார். கடைசி லீற்றர் யோசப் அண்ணையின் காருக்குள் இறங்கியபோது எல்லோரும் கை தட்டினோம்.

விடைபெறும் நேரம். மாப்பிள்ளையை வழியனுப்ப வந்தவர்களிடம் ஒரு பேச்சுக்கு அழைப்பது எங்கள் முறை. மாமியும் முறைப்படி அழைத்தார். "நீங்களும் வந்திருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்."

முறைப்படி அவர்கள் பெற்றோல் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். யோசப் அண்ணை வாயைத் திறந்தார். மூடினார். தன் காரைப் பார்த்தார். அது நிறைந்து வழிந்துகொண்டு, மேற்கே ரொறன்ரோவைப் பார்த்தபடி நின்றது.

"பேந்தென்ன, வாறம்" என்றார். அவர் மனைவி காருக்குள்ளிருந்து ஒரு சேலைப் பையைத் தூக்கிக் காட்டினார். (சும்மா கொண்டு வந்தாவாம்.) மற்ற மூன்று கார்க்காரரும், கடையைப் பூட்ட முடியாத செல்வம் அண்ணைகூட, தலையாட்டினார்கள்.

தேவராசா மாமாவின் குரல் காதுக்குள் வந்து நின்றது. "மச்சாள், ஒரு வான் எண்டு அந்த மனுசனுக்குச் சொல்லிப்போட்டன். ரெலிபோன் எடுத்துச் சொல்லட்டோ?"

"இப்ப சொன்னால் அந்த மனுசன் ராத்திரி நித்திரை கொள்ளாது. நாளைக்கு மண்டபத்திலை வைச்சுச் சொல்லுவம்" என்றார் மச்சாள். நானும் ஓம் என்றேன். அவ்வளவு பட்டும் எங்களுக்குச் சட்டம் சட்டம்தான்.

சனிக்கிழமை காலை மண்டப வாசலில் ஒரு வானும் அதன் பின்னால் நான்கு கார்களும் வந்து நின்றன. தேவராசா மாமா கைகூப்பியபடி சிரித்துக்கொண்டு வந்தார். முதல் காரில் சிரிப்புக் குறைந்தது. நாலாவது காரில் கூப்பிய கை மட்டும்தான் மிச்சம் இருந்தது. என்னை ஒருதரம் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாலி கட்டும் மேளம் கேட்டபோது நானும் மச்சாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துச் சமையலறையில் நின்றோம். எங்களைக் காப்பாற்றியது செல்வம் அண்ணையின் கஞ்சத்தனம். கடையைப் பூட்டினால் பழுதாகிவிடும் என்று, பெற்றோல் அடித்த கையோடு திரும்பிப் போய், அந்தக் கிழமையோடு காலாவதியாகும் சாமான்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். டப்பா டப்பாவாகத் தயிர், தோல் கறுத்த வாழைப்பழம், போதாக்குறைக்கு ஒரு மூட்டை அரிசி. பெரிய கிடாரத்தில் சோறு வடித்தோம். பெண் வீட்டாருக்கும் அவர்களின் ஆட்களுக்கும் முழுச் சாப்பாடு. மாப்பிள்ளை பகுதி கார்க்காரர் எல்லோருக்கும் கடைசிப் பந்தி, தயிர்ச்சோறும் வாழைப்பழமும். யோசப் அண்ணை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இது ரொறன்ரோ முறையா என்று கேட்டார். ஓம் என்றேன்.

எல்லாம் முடிந்து கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது தேவராசா மாமா உள்ளே வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். மச்சாள் ஒரு தட்டில் மிச்சச் சோற்றைப் போட்டுக் கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, ஒரு வான் எண்டு சொல்லிப்போட்டு..." என்று தொடங்கி, முயலிலிருந்து வாத்து வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பிட்டபடியே கேட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சொன்னது சரிதானே பிள்ளை. வான் ஒண்டுதான் வந்தது. மற்றதெல்லாம் கார்" என்றார்.

மச்சாள் இன்னும் மேல்தளத்தில்தான் இருக்கிறார். நான் இணையத்தில் எதையாவது ஏலம் கேட்கும்போது மேலே தும் தும் என்று கேட்டால், படிக்கட்டில் நின்று, "வாத்து, அது நீங்களோ?" என்று கத்திக் கேட்டுவிடுவேன். கெட்டிக்காரிப் பட்டத்தை இப்போது இருவருமே உரிமை கோருவதில்லை.

சில வருடங்கள் கழித்து தேவராசா மாமாவின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழ் அனுப்பிவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார். நான் முந்திக்கொண்டு, "மாமா, இந்தமுறை நானும் இவரும் மட்டும்தான். பஸ்ஸிலைதான் வாறம்" என்றேன்.

"சும்மா இரு பிள்ளை" என்றார் அவர். "பெரிய மண்டபமாப் பாத்து எடுத்திட்டன். சமையல்காரனுக்கும் சொல்லிப்போட்டன், மொன்றியல் பகுதி இருநூறு லீற்றர் எண்டு."