வள்ளி கத்தி வழங்கும்

மரக்காணத்தில் ஓர் ஆபத்தாவது வராதா என்று ஏங்கிக் கிடந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபத்து அண்ணன். நிஜப்பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

என் ஃப்ளெக்ஸ் கடைக்கு அடுத்த ஷெட் அவருடைய பட்டறை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, காட்டில் மாட்டிக்கொண்டால் பிழைக்க உதவும் சர்வைவல் கத்தி செய்வார். பிடிக்குள் தூண்டில் முள், தீக்குச்சி எல்லாம் இருக்கும். மரக்காணத்தில் ஏது அண்ணே காடு என்றால், "ஆபத்து சொல்லிட்டா வருது?" என்பார். தினமும் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆரோவிலுக்கு வரும் வெள்ளைக்காரர் யாராவது ஒன்று வாங்கினால் உண்டு. வீட்டில் அடுப்பெரிந்தது, அண்ணி வள்ளி உப்பளத்து வெயிலில் உப்பு வாரிய கூலியில்தான். கத்தி ஒவ்வொன்றிலும் அண்ணன் 'வள்ளி' என்று பொறித்திருப்பார். அண்ணி மீன் அரிவதோ அரிவாள்மனையில்.

இந்த நிலையில் ஒரு டிவி கம்பெனி, கழுவெளி ஏரி ஓரத்து மணல் திட்டில் நடிகர்களைப் பட்டினி போட்டு ரியாலிட்டி ஷோ எடுக்க வந்தது. அதற்கு ஸ்பான்சர் செய்யப்போவதாக அண்ணன் கிளம்பிவிட்டார். கத்தி செய்கிறவன் கத்தியை நம்ப வேண்டும், டிவியை அல்ல. கேரவனில் தூங்கி எழுகிறவன் கையில் கொடுத்தால் விரலை நறுக்கிக்கொண்டு நம்மைத்தான் திட்டுவான் என்று தொண்டை வறளச் சொன்னேன். ஊறுகாய்க்காரன் சீரியலுக்குக் கொடுக்கவில்லையா என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"அவ கூலியிலதாம்பா இத்தினி வருஷம் சோறு துன்றேன். அவ பேரு ஒரு தபா டிவில வரட்டும்."

'வள்ளி கத்தி வழங்கும்' என்று ஒரு பேனரை ஓசியில் அடித்துக் கொடுத்தேன்.

போட்டியாளர்களுக்குக் கத்தி கொடுத்தால் போதும், ஷோ தொடக்கத்தில் பெயர் போடுகிறோம் என்று டிவிக்காரர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எங்கள் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறிவிடும். அதனால் அண்ணன், படகுக்குப் பூசுகிற மத்தி மீன் எண்ணெயை எல்லாக் கத்திகளுக்கும் தாராளமாகப் பூசி அனுப்பினார். எங்களில் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. எங்கள் மூக்கு மரத்துப்போய் எத்தனையோ காலம்.

பக்கத்து ஊர் அனுமந்தை வரைக்கும் இருந்த நாய்களின் மூக்கு நன்றாகவே வேலை செய்தது. முதல் காட்சியில், இடுப்பில் கத்தியோடு மீசையை முறுக்கி நின்ற நடிகரை நாய்க்கூட்டம் சுற்றி வளைத்து ஆசையாக நக்க ஆரம்பித்தது. பிழைத்துக் காட்ட வந்தவர் கேரவனுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் எதிர்பார்த்த ஆபத்து ஒருவழியாக வந்தது, அவர் கத்தியாலேயே வந்தது. ஸ்பான்சரும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று டைரக்டர் அவரை விரட்டிவிட்டார். கத்திகளை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொண்டார்.

ஒளிபரப்பான அன்று நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். நிகழ்ச்சியை ஏதோ ஒரு ஷாம்பு வழங்கியது. பிறகு கத்தி வந்தது. பெயர் பொறித்த இடத்தை மட்டும் கலங்கலாக்கி மறைத்திருந்தார்கள். காசு கொடுக்காதவன் பெயரை அப்படித்தான் மறைப்பார்களாம். கத்தி வரும்போதெல்லாம் அந்தக் கலங்கலும் கூடவே வந்தது. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். 

அண்ணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மறைக்கிறாங்கன்னா அங்க என் பேரு இருக்குதுன்னுதானே அர்த்தம்? உள்ள வாய்யா, இன்னும் ஓடுது."

அவர் வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். கலங்கல் வரும்போதெல்லாம் "தோ" என்று விரலை நீட்டிக் காட்டினார். அண்ணியும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். நான் கடைசிவரை கூடவே இருந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.